முளையக் குருத்துக்கலங்களுக்கு ஆக்கவுரிமை: உயிரின் முளை யாருக்குச் சொந்தம்?

2003 ஆம் ஆண்டு எமது பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்களுள் இரண்டு அடுத்தடுத்த இலக்கங்களைப் பெற்றவை. 35 ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளி மக்களுக்குப் பிரசாவுரிமை வழங்கிய சட்டமாகும். 1948 இல் பறிக்கப்பட்ட உரிமையை எஞ்சியிருந்தோருக்கும் மீட்டளித்த அச்சட்டத்தைப் பசறை, லுணுகலை, நமுனுகுல, அப்புத்தளைத் தோட்டங்களில் அறியாதவர் குறைவு. அதற்கு அடுத்ததான 36 ஆம் இலக்கச் சட்டம் புலமைச் சொத்துச் சட்டம். அதை அறிந்தவர் ஊவாவில் மாத்திரமன்றி நாடெங்குமே சிலர்தான். கண்டுபிடிப்பாளருக்கும் வர்த்தக நிறுவனங்களுக்கும் உரிய சட்டம் அது என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆயினும், நோயுற்ற ஒரு பிள்ளைக்கு எந்த மருந்து எந்த விலைக்குக் கிடைக்கும், மனித உடலின் எந்தப் பகுதியைத் தனியார் உடைமையாக்கலாம் என்னும் வினாக்களுக்கான விடைகளில் ஒரு பகுதி அச்சட்டத்துக்குள் இருக்கிறது.

இதனை விளங்கிக்கொள்ளப் பதுளையில் இருந்தே தொடங்கலாம். தலசீமியா நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் இலங்கையின் நிலையங்களுள் பதுளை வைத்தியசாலையும் ஒன்று. ஈமோகுளோபினை ஆக்கும் பரம்பரையலகில் ஏற்பட்ட குறைபாட்டால் உண்டாவது இந்நோய். கடுமையான வகையால் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்றவேண்டும். ஏற்றிய குருதியால் உடலில் சேரும் மிகையான இரும்பை வெளியேற்றாவிட்டால் அது இதயத்திலும் ஈரலிலும் படிந்து உயிரைக் குடிக்கும். லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் தாய்க்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாட்சம்பள இழப்பு. இது ஓர் ஆண்டோடு முடிகின்ற கதையுமன்று. பிள்ளையின் ஆயுள் முழுவதும் தொடர்வது.

இந்நோயை வேரோடு அகற்ற வல்லவை எனப் பேசப்படும் சிகிச்சைகள் யாவும் குருத்துக்கலங்களைச் சார்ந்தவை. ஆகவேதான் குருத்துக்கலங்களின் உரிமை பற்றிய சர்வதேச வழக்குகள் எமக்குத் தொலைவான செய்திகளல்ல.

குருத்துக்கலம் என்பது யாது?

எமது உடலின் பெரும்பாலான கலங்கள் ஒரு தொழிலுக்கென்றே அமைந்தவை. தோற்கலம் தோற்கலமாகவே இருந்து மடியும். ஸ்டெம் செல் என ஆங்கிலத்தில் வழங்கும் குருத்துக்கலமோ தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளவும், வேறுவகைக் கலங்களாக மாறவும் வல்லது. என்பு மச்சையில் உள்ள குருத்துக்கலங்கள் நாள்தோறும் குருதிக் கலங்களை ஆக்குகின்றன. ஆனால் அவை குருதியின் வகைகளை மட்டுமே ஆக்க வல்லவை. கருக்கட்டி ஐந்தாறு நாட்களான முளையத்தின் உட்பகுதியில் உள்ள கலங்களோ நரம்பு, இதயம், ஈரல் என உடலின் எப்பகுதியாகவும் மாறக்கூடியவை. இவையே முளையக் குருத்துக்கலங்கள். இவற்றைப் பிரித்தெடுக்கும் வழமையான முறையில் முளையம் அழிந்துபோகும். அறநெறிச் சிக்கல் தோன்றுவது இங்கேதான்.

தோட்ட மக்களுக்கு நன்கு பழக்கமான ஓர் உவமை உண்டு. வி.பி. தேயிலை மலையில் நிற்கும் செடிகள் விதையில் முளைத்தவையல்ல. தாய்ச்செடி ஒன்றின் துண்டங்களை நாற்றுமேடையில் வேர்விடச் செய்து நட்டவை. ஒரு தாய்ச்செடியைக் கொண்டு மலை மலையாக நட்டுவிடலாம். அவ்வாறே, ஒரு முளையத்தில் இருந்து எடுத்த கலங்களை ஆய்வுகூடத்தில் ஆண்டுக்கணக்காகப் பெருக்கலாம். இத்தொடரைக் கல வழி என்பர். தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய தாய்ச்செடி இனங்கள் நாட்டின் தோட்டங்களுக்கெல்லாம் பரவின. மனிதக் கல வழியின் வரலாறு வேறு திசையில் சென்றது.

உரிமைப் பத்திரத்தின் கதை

ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக விஞ்ஞானி ஜேம்ஸ் தொம்சன், மனித முளையங்களில் இருந்து ஐந்து கல வழிகளை உருவாக்கியதாக 1998 நவம்பரில் அறிவித்தார். கருத்தரிப்புச் சிகிச்சைக்காக உருவாக்கப்பட்டு, பெற்றோரால் ஆராய்ச்சிக்கு அன்பளிப்புச் செய்யப்பட்ட முளையங்கள் அவை. பல்கலைக்கழகத்தின் ஆக்கவுரிமைகளை நிர்வகிக்கும் விஸ்கொன்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி மன்றம் 1998, 2001, 2006 ஆம் ஆண்டுகளில் மூன்று ஆக்கவுரிமைகளைப் பெற்றுக்கொண்டது.

பேட்டன்ட் எனப் பரவலாக அறியப்படும் ஆக்கவுரிமையின் தன்மையை இங்கு விளக்குவது அவசியம். அது ஒன்றைச் செய்வதற்கான அனுமதியன்று. பிறர் செய்யாது தடுக்கும் உரிமை. புதியதும், துறை வல்லுநருக்கு வெளிப்படையாகத் தோன்றாததும், கைத்தொழிலில் பயன்படக்கூடியதுமான கண்டுபிடிப்பை உலகுக்கு விளக்கியுரைப்பவருக்கு, அதற்குக் கைம்மாறாக 20 ஆண்டுகளுக்கு அரசு வழங்கும் தனியுரிமை. அது வழங்கப்பட்ட நாட்டின் எல்லைக்குள் மட்டுமே செல்லும்.

விஸ்கொன்சின் ஆக்கவுரிமைகளின் சிறப்பு யாதெனில், அவை கலங்களைப் பிரிக்கும் முறையை மட்டுமன்றிக் கலங்களையே உரிமைகோரின. எனவே வேறொருவர் வேறொரு முறையில் மனித முளையக் குருத்துக்கலங்களைப் பெற்றாலும் அமெரிக்காவில் அம்மன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. ஆராய்ச்சிக்கு நிதியளித்த ஜெரோன் நிறுவனத்துக்கு நரம்பு, இதய, கணையக் கலங்கள் தொடர்பான வர்த்தக உரிமை தனியாக வழங்கப்பட்டது. 2006 இல் அமெரிக்க நுகர்வோர் அமைப்பொன்றும் பொது ஆக்கவுரிமை மன்றமும் இவற்றுக்கு ஆட்சேபனை எழுப்பின. எலிகளின் முளையக் குருத்துக்கலங்கள் 1981 இலேயே பிரித்தெடுக்கப்பட்டன. அதே வழியில் மனிதக் கலங்களையும் பெறலாம் என்பது வல்லுநர் அறிந்ததே என்பது அவற்றின் வாதம். அழுத்தத்தின் விளைவாக 2007 இல் அம்மன்றம் ஆராய்ச்சியாளருக்கான நிபந்தனைகளைத் தளர்த்தியது. எனினும் அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் நிலைத்தன. 2014 இல் மேன்முறையீடு, ஆட்சேபித்தவருக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி இல்லையெனத் தள்ளுபடியானது. 2015 ஆம் ஆண்டோடு தொடக்க ஆக்கவுரிமைகளின் காலம் முடிவடைந்தது.

ஆக்கவுரிமையை ஆதரிப்போரின் வாதத்தையும் நேர்மையாக எடைபோடவேண்டும். பெருஞ் செலவிலான ஆராய்ச்சிக்கு முதலிடுபவர், பலனைப் பிறர் இலவசமாக அள்ளிச் செல்வர் எனில் முதலிடமாட்டார்; ஆக்கவுரிமை இல்லாவிடில் கண்டுபிடிப்புகள் இரகசியமாகவே இருந்துவிடும் என்பர். இதில் உண்மை உண்டு. ஆனால் ஒரு மருந்தின் மீதான உரிமை வேறு. அம்மருந்துகள் யாவும் எதிலிருந்து பிறக்குமோ அந்த ஊற்றின் மீதான உரிமை வேறு. ஊற்றை அடைப்பவர் கீழே உள்ள வயல்கள் அனைத்துக்கும் அதிபதியாகிறார்.

ஐரோப்பா வகுத்த எல்லை

ஐரோப்பிய ஒன்றியம் 1998 இல் வெளியிட்ட உயிரியல் கண்டுபிடிப்புகள் பற்றிய பணிப்புரை, மனித முளையங்களைக் கைத்தொழில் அல்லது வர்த்தக நோக்கத்துக்குப் பயன்படுத்தும் கண்டுபிடிப்புகளுக்கு ஆக்கவுரிமை இல்லை எனத் திட்டவட்டமாகக் கூறியது. இதனைப் பின்பற்றி, ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் விரிவாக்கப்பட்ட மேன்முறையீட்டுச் சபை 2008 நவம்பரில் விஸ்கொன்சின் மன்றத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது.

அதனினும் முக்கியமானது 2011 ஒக்டோபர் 18 இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. பொன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒலிவர் புரூஸ்ற்லே நரம்புக் கலங்களின் முன்னோடிக் கலங்களுக்கு ஜேர்மனியில் பெற்றிருந்த ஆக்கவுரிமையைக் கிரீன்பீஸ் அமைப்பு எதிர்த்தது. முளையத்தை முன்னரே அழித்துப் பெறப்பட்ட கலங்களைப் பயன்படுத்தினாலும், அவ்வழிவை விண்ணப்பத்தில் குறிப்பிடாவிட்டாலும், ஆக்கவுரிமை கிடையாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014 டிசம்பரில் மற்றொரு வழக்கில், விந்தின்றித் தூண்டப்பட்டு, மனிதனாக வளரும் ஆற்றல் அற்ற முட்டைக் கலம் முளையமாகாது என அதே நீதிமன்றம் விளக்கியது. ஆகவே எல்லைக்கோடு எங்கே என்பது ஓரளவு தெளிவாயிற்று.

இங்கே ஒரு தவறான விளக்கத்தைத் தவிர்க்கவேண்டும். ஆக்கவுரிமை மறுப்பு ஆராய்ச்சித் தடையன்று. பிரித்தானியாவிலும் சுவீடனிலும் முளையக் குருத்துக்கல ஆராய்ச்சி சட்டப்படி தொடர்ந்தே வந்தது. அதன் பலனை ஒருவர் தனதாக்கிக்கொள்வதையே இத்தீர்ப்புகள் தடுத்தன.

மதங்களின் பார்வை

முளையம் எப்போது மனிதனாகிறது என்பதில் எமது சமூகங்களிடையே ஒரே கருத்து இல்லை. இஸ்லாமிய அறிஞர்களுள் பலர் கருவுக்கு 120 நாட்களில் ரூஹ் ஊதப்படுகிறது எனக் கொள்வர். 40 நாட்களெனக் கொள்வோரும் உளர். ஜித்தாவைத் தளமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அக்கடமி 1990 இல், சிகிச்சைக்குத் தேவையான அளவிலேயே முட்டைகளைக் கருக்கட்டச் செய்யவேண்டும், எஞ்சினால் இயற்கையாக முடிவடைய விடவேண்டும் என்றது. மக்காவில் இயங்கும் உலக முஸ்லிம் லீக்கின் பிக்ஹு சபையோ 2003 இல், பெற்றோரின் சம்மதத்துடன் வழங்கப்படும் எஞ்சிய முளையங்களில் இருந்து சிகிச்சைக்காகவும் அனுமதிக்கப்பட்ட ஆராய்ச்சிக்காகவும் குருத்துக்கலங்களைப் பெற இடமளித்தது. அதற்கெனவே முளையங்களை உருவாக்குவதை ஏற்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை கருக்கட்டிய கணம் முதலே முளையத்தை மனித உயிராக மதித்து அதன் அழிவை எதிர்க்கிறது. சைவர்களுக்கு இவ்விடயத்தில் தீர்ப்புரைக்கும் ஒரே பீடம் இல்லை. ஆயினும் திருமூலரின் திருமந்திரத்தில் கர்ப்பக் கிரியைக்கென்று தனியொரு பகுதியே உண்டு. கருவில் தங்கும் உயிரை இறைவனின் செயலாகவே எமது மரபு கண்டது.

ஆராய்ச்சி ஆகுமா, ஆகாதா என்பதில் இவ்வளவு வேறுபாடு. ஆனால் உரிமை என்னும் வினாவுக்கு வரும்போது இம்மரபுகள் வியக்கத்தக்க வகையில் நெருங்கிவருகின்றன. உடல் இறைவனின் அமானிதம் என்பர் முஸ்லிம்கள். 1988 இல் உறுப்புமாற்றுச் சிகிச்சையை அனுமதித்த பிக்ஹு அக்கடமி, உறுப்பை விற்பதை அனுமதிக்கவில்லை. உடம்பு இறைவன் குடிகொள்ளும் கோயில் என்பர் சைவர். தானமாகக் கொடுக்கலாம், சந்தையில் வைக்கலாகாது என்பதே இரண்டின் சாரம். 1961 இல் டாக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான சங்கத்தின் வழியே இந்நாட்டவர் அளித்த கண்கள் எத்தனையோ நாடுகளில் ஒளியேற்றின. அந்தப் பெருமை விலையில்லாமையில் பிறந்தது.

எமது சட்டம் கூறுவது என்ன?

புலமைச் சொத்துச் சட்டத்தின் 62 ஆம் பிரிவு ஆக்கவுரிமை பெறமுடியாதவற்றைப் பட்டியலிடுகிறது. இயற்கையில் உள்ளதைக் கண்டறிதல், தாவரங்கள், விலங்குகள், மனித உடலுக்கான சத்திரசிகிச்சை மற்றும் மருத்துவச் சிகிச்சை முறைகள் ஆகியன அதில் அடங்கும். பொது ஒழுங்கையும் ஒழுக்கத்தையும், மனித, விலங்கு, தாவர உயிரையும் பாதுகாக்கும் பொருட்டு வர்த்தகப் பயன்பாட்டைத் தடுக்கவேண்டிய கண்டுபிடிப்புகளுக்கும் ஆக்கவுரிமை இல்லை. இந்த ஒழுக்கப் பிரிவு முளையக் குருத்துக்கலங்களுக்குப் பொருந்தும் என வாதிடலாம். ஆனால் ‘மனித முளையம்’ என்னும் சொல் சட்டத்தில் எங்கும் இல்லை. சிகிச்சை முறைகளை விலக்கிய சட்டம், அச்சிகிச்சையில் பயன்படும் உற்பத்திப் பொருட்களை விலக்கவில்லை. மரபணு மாற்றப்பட்ட நுண்ணுயிர்களுக்கு அது இடமளிக்கிறது. ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுத்த மனிதக் கலம் இவற்றுள் எதில் அடங்கும்? ஐரோப்பா எழுத்தில் வைத்ததை நாம் ஊகத்துக்கு விட்டிருக்கிறோம்.

இச்சட்டத்துக்கு மற்றொரு வரலாறும் உண்டு. 2003 இல் சட்டமூலம் சமர்ப்பிக்கப்பட்டபோது பொதுநல அக்கறை கொண்டோர் உயர் நீதிமன்றத்தை நாடினர். உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கையும் 2001 ஆம் ஆண்டின் டோஹா பிரகடனமும் வறிய நாடுகளுக்கு வழங்கிய விலக்குகளைச் சேர்க்காது, உரிமையாளரின் உரிமைகளை மட்டும் ஏற்பது அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை உறுதிசெய்யும் சமத்துவத்துக்கு முரணாகும் என நீதிமன்றம் தீர்மானித்தது. சமமற்றவர்களைச் சமமாக நடத்துவதும் அநீதியே என்பது அதன் உட்பொருள். இதன் பயனாகவே, பிற நாட்டில் உரிமையாளர் மலிவாக விற்கும் மருந்தை இறக்குமதி செய்யவும், சுகாதாரம் போன்ற பொதுநலன் கருதி உரிமையாளரின் சம்மதமின்றியே பிறருக்கு உற்பத்தி அனுமதி வழங்கவும் 86 ஆம் பிரிவு வழிசெய்கிறது.

தலசீமியா நோயாளர் இதன் பெறுமதியை மருந்துச் சீட்டில் காணலாம். முன்னர் இரும்பை வெளியேற்ற, தோலின் கீழ் ஊசி செருகிச் சிறு பம்பியின் மூலம் இரவிரவாக மருந்தேற்றவேண்டியிருந்தது. வாய்வழி மருந்துகள் வந்தபின் அத்துன்பம் குறைந்தது. 2005 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெபராசிரொக்ஸ் முதலில் ஒரே நிறுவனத்தின் உடைமையாக இருந்தது. பின்னர் இந்திய நிறுவனங்கள் பலவும் அதைத் தயாரிக்கலாயின. போட்டி வந்த இடத்தில் விலை இறங்கும் என்பது மருந்துச் சந்தை கண்ட உண்மை.

மாத்திரையும் கலமும் ஒன்றல்ல

ஆனால் இனி வரும் காலம் மாத்திரையின் காலமன்று. நோயாளியின் சொந்தக் குருதிக் குருத்துக்கலங்களை எடுத்து, கிறிஸ்பர் முறையால் பரம்பரையலகைத் திருத்தி, மீள உடலில் செலுத்தும் கஸ்கெவி என்னும் சிகிச்சை, கடும் தலசீமியாவுக்கென 2023 இல் பிரித்தானியாவிலும் 2024 ஜனவரியில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 22 இலட்சம் டொலர். இதற்கு முளையம் எதுவும் தேவையில்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா 2006 இல் எலியின் கலங்களையும், 2007 இல் மனிதத் தோற்கலங்களையும் முளையக் கலங்களை ஒத்த நிலைக்குத் திருப்பிக் காட்டியதோடு முளையத்தை அழிக்காத மாற்றுவழியும் திறந்தது. 2012 இல் அவருக்கு நொபெல் பரிசும் கிடைத்தது. அறநெறிச் சிக்கலின் ஒரு பாதி இவ்வாறு தணிந்தது. மறுபாதி, அதாவது யாருக்குச் சொந்தம், என்ன விலை என்பது, தணியவில்லை.

கட்டாய அனுமதிப்பத்திரம் மாத்திரைக்குப் போதுமானது. மாத்திரையைப் பகுத்தாய்ந்து அதுபோல் செய்துவிடலாம். உயிருள்ள கலத்தை அவ்வாறு செய்ய முடியாது. அதற்கு ஆய்வுகூடமும், பயிற்சி பெற்றோரும், வெளியே சொல்லப்படாத செய்முறை அறிவும் தேவை. ஆக்கவுரிமை காலாவதியானாலும் கதவு தானாகத் திறக்காது. எமது பல்கலைக்கழகங்களும் அரச வைத்தியசாலைகளும் இவ்வறிவை இப்போதே வளர்க்காவிட்டால், சட்டத்தில் உள்ள சலுகை ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும்.

கொடுப்பவர் யார், பெறுபவர் யார்?

இன்னொரு பக்கமும் உண்டு. ஜோன் மூர் என்னும் அமெரிக்கரின் மண்ணீரல் 1976 இல் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக அகற்றப்பட்டது. அவருக்குத் தெரியாமலே அதன் கலங்களில் இருந்து கல வழியொன்று உருவாக்கப்பட்டு 1984 இல் ஆக்கவுரிமையும் பெறப்பட்டது. 1990 இல் கலிபோர்னிய உயர் நீதிமன்றம், அகற்றப்பட்ட கலங்களில் அவருக்குச் சொத்துரிமை இல்லை, ஆனால் தமது ஆராய்ச்சி மற்றும் பொருளாதார நலன்களை மருத்துவர் முன்கூட்டியே தெரிவித்திருக்கவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தலசீமியா நோயாளர் பலருக்கும் மண்ணீரல் அகற்றப்படுவதுண்டு. அடிக்கடி குருதி மாதிரியும் எடுக்கப்படுகிறது. அரிய பரம்பரை நோயுள்ளோரின் கலங்கள் ஆராய்ச்சியாளருக்குப் பெறுமதியானவை. தனக்கு விளங்காத மொழியில் அச்சிட்ட படிவத்தில் கைநாட்டு வைக்கும் தோட்டத் தொழிலாளி எதற்குச் சம்மதிக்கிறார்?

வறுமை எங்கு உண்டோ அங்கு உடலுறுப்புத் தரகரும் வருவர். மனித இழையங்களின் விற்பனையை 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் தடுத்திருந்தும், சிறுநீரக வியாபாரம் பற்றிய குற்றச்சாட்டுகளை அடுத்து 2016 ஜனவரியில் வெளிநாட்டவருக்கான சிறுநீரக மாற்றுச் சிகிச்சைகளை அரசு இடைநிறுத்த நேர்ந்தது. நாளை பெண்களின் முட்டைக் கலங்களுக்கும் அத்தகைய சந்தை உருவாகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

செய்யவேண்டியவை

முதலாவதாக, புலமைச் சொத்துச் சட்டத்தின் 62 ஆம் பிரிவில் மனித முளையங்களை வர்த்தக நோக்கில் பயன்படுத்தும் கண்டுபிடிப்புகளுக்கு ஆக்கவுரிமை இல்லை என வெளிப்படையாக எழுதப்படவேண்டும். ஆராய்ச்சியின் எல்லைகளைத் தீர்மானிக்கும்போது எல்லா மதத்தவரின் கருத்தும், நோயாளரின் கருத்தும் கேட்கப்படவேண்டும். இரண்டாவதாக, 2003 இல் உயர் நீதிமன்றத்தின் வழியே பெற்ற பாதுகாப்பு, எந்த வர்த்தக உடன்படிக்கையின் பெயராலும் விட்டுக்கொடுக்கப்படலாகாது. மூன்றாவதாக, ஆராய்ச்சிக்கான சம்மதப் படிவம் தமிழிலும் இருக்கவேண்டும். வாசிக்க இயலாதவருக்கு அவரது மொழியில் விளக்கப்படவேண்டும். வர்த்தகப் பலன் கிடைக்குமாயின் அதில் நோயாளர் சமூகத்துக்கும் பங்கிருக்கவேண்டும்.

நான்காவது எமது கைகளிலேயே உள்ளது. தலசீமியாக் காவியாக இருப்பவருக்கு நோய் இல்லை. எளிய குருதிப் பரிசோதனையால் அறியலாம். காவிகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்துண்டு. மாமன் மகள், அத்தை மகன் என உறவுக்குள் மணக்கும் வழக்கம் எமது இரு சமூகங்களிலும் இருப்பதால் இந்த ஆபத்து எமக்குக் கூடுதலானது. குருத்தலாவையின் பள்ளிவாசலும் பண்டாரவளையின் கோயிலும் தோட்டத்துச் சங்கமும், சாதகம் பார்ப்பதற்கும் நிகாஹ் பேசுவதற்கும் முன் இப்பரிசோதனையைச் செய்யுமாறு இளையோரைத் தூண்டினால், 22 இலட்சம் டொலர் சிகிச்சையின் தேவையே பல குடும்பங்களுக்கு எழாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. குருத்துக்கலத்தின் பெயரால் சகல நோய்களையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வோர் உலகெங்கும் பெருகியுள்ளனர். தலசீமியாவுக்கு இன்று நிறுவப்பட்ட நிரந்தரத் தீர்வு, பொருந்தும் கொடையாளியின் குருதிக் குருத்துக்கலங்களை மாற்றீடு செய்வதும், மேற்கூறிய பரம்பரையலகுச் சிகிச்சையுமே. முளையக் குருத்துக்கலத்தால் இந்நோயை மாற்றுவதாக எவரேனும் பணம் கேட்டால், நகையை அடகு வைப்பதற்கு முன் பதுளை வைத்தியசாலையின் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டறிவது நன்று.